செம்பு அரிக்கும் கரைசல்: சேலத்தில் வாங்குவதும் வீட்டில் தயாரிப்பதும்

செம்பு பூசிய போர்டில் மின்சுற்றுக்குத் தடம் அமைக்க விரும்பும் பொறியியல் மாணவருக்கும், செம்புத் தகட்டில் கோலமோ பெயரோ பொறிக்க விரும்பும் கைவினைஞருக்கும் தேவைப்படுவது ஒரே வகைக் கரைசல்தான். மையோ வார்னிஷோ படிந்த இடத்தைத் தொடாமல், மூடப்படாத செம்பை மட்டும் அது கரைத்தெடுக்க வேண்டும். எந்தக் கரைசல் வேகமாக அரிக்கும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். வீட்டில் இந்த வேலையைச் செய்பவர், கரைந்த செம்பு கடைசியில் எங்கே போகும் என்று கேட்டுத் தொடங்குவதே முறை. சேலம் நகரத்துச் சாக்கடையில் ஊற்றியது திருமணிமுத்தாற்றுக்குப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் நடுவே ஓடும் அந்த ஆறு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. நீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும். ஆகவே எதை வாங்குவது, எவ்வளவு கலப்பது என்ற எல்லா முடிவுகளையும் அந்தக் கடைசிக் கட்டத்தை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

அளவிலிருந்து தொடங்குவோம். கடைகளில் கிடைக்கும் சாதாரண போர்டில் செம்புப் படலத்தின் தடிமன் 35 மைக்ரான். 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒருபக்கப் போர்டில் மொத்தச் செம்பு சுமார் 3.1 கிராம். அதில் தடங்களாக நிற்கப்போவது போக, கரையப்போவது இன்னும் குறைவு. ஆயினும் முழுவதும் கரைவதாகவே வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பானது. இந்த 3.1 கிராமைக் கரைக்க, கட்டியாக விற்கப்படும் பெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு (செம்பை அரிக்கும் இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்) கணக்குப்படி சுமார் 27 கிராம் போதும். கரைசல் முழுவதும் தீரும்வரை ஒரே வேகத்தில் அரிக்காது என்பதால் நடைமுறையில் இரண்டு மடங்கு, அதாவது 55 கிராம் வரை, எடுத்துக்கொள்ளலாம். ஒரு போர்டு செய்ய வந்தவர் ஒரு கிலோ வாங்கி மொத்தத்தையும் கரைத்து வைப்பது வீண் செலவு மட்டுமன்று, பின்னால் கழிவாக நிற்கப்போகும் சுமையும்கூட. தடித்த தகட்டில் ஆழமாகப் பொறிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது. 0.1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரித்தாலே அதே பரப்பில் ஏறத்தாழ 9 கிராம் செம்பு கரைசலுக்குள் போய்விடும்.

வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாதவை

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளோடு பழகியவர்கள் இந்தப் பேச்சை எடுத்ததும் திராவகத்தைப் பரிந்துரைப்பார்கள். நைட்ரிக் அமிலம் செம்பை நொடிகளில் தின்னும் என்பது உண்மை. அப்போது எழும் பழுப்பு நிறப் புகையான நைட்ரஜன் டை ஆக்சைடு, சுவாசித்தவுடன் பெரிய தொந்தரவு எதையும் காட்டாமல் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யக்கூடியது. பல ஆண்டுகளாகத் திராவகத்தோடு புழங்கும் பட்டறைக்காரரின் பழக்கத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடியில் உட்கார்ந்து வேலை செய்பவர் இரவல் வாங்க முடியாது. நைட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம்.

கழிவறை கழுவ விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்க்கும் முறையும் பரவலாகப் பேசப்படுகிறது. அது நன்றாகவே வேலை செய்யும். காற்றுக் குமிழி செலுத்தி, அவ்வப்போது அமிலம் சேர்த்து, அதே கரைசலைப் பலமுறை புதுப்பிக்கவும் முடியும். ஆனால் அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் தாக்குவதோடு, அருகிலுள்ள இரும்புக் கருவிகள், ஜன்னல் கம்பிகள் அனைத்தையும் துருப்பிடிக்க வைக்கிறது. கலவை செறிவாக இருந்தால் குளோரின் வாயுவும் வெளிப்படும். அமில விற்பனைக்கு 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. வாங்குபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், எதற்காக வாங்குகிறார் என்பதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். முதன்முதலில் செய்பவருக்கு இந்த முறை தேவையில்லை என்பதே என் கருத்து.

பெர்ரிக் குளோரைடு

வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு. ஆவி மிகக் குறைவு, அரிக்கும் வேகம் சீரானது, மூடி வைத்தால் கெடாது. மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் கடைகளில் 100 கிராம், 250 கிராம் பொட்டலங்களாகக் கேட்டு வாங்கலாம். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும்; அங்கே பாட்டிலின் மேல் செறிவும் வகையும் அச்சிடப்பட்டிருப்பதால் கணக்கிடுவது எளிது.

வாங்கும்போது பொருளைக் கண்ணால் பார்த்து வாங்குவது அவசியம். மஞ்சளும் பழுப்பும் கலந்த ஈரக் கட்டியாக இருப்பது நீரேற்றம் பெற்ற வகை. வீட்டுக்கு ஏற்றது அதுதான். கருப்பும் கரும்பச்சையுமாக மினுக்கும் தூள் நீரற்ற வகை. அது தண்ணீரில் பட்டதும் கடுமையாகச் சூடேறி அமிலப் புகையைக் கக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பொட்டலம் கசிந்திருந்தாலோ கட்டி முழுவதும் குழம்பாக இளகியிருந்தாலோ வாங்க வேண்டாம், ஏனெனில் அது எவ்வளவு ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் எடை போடுவதில் பொருளில்லை. ஏற்காட்டில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலையில் பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் திறந்து வைத்த கட்டி ஓரிரவிலேயே இளகத் தொடங்கிவிடும். இறுக மூடும் பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு, அந்த ஜாடியை இன்னொரு டப்பாவுக்குள் வைப்பது நல்லது. சேலத்திலிருந்து மேலே கொண்டுபோகும்போது கரைசலாகக் கலந்து எடுத்துச் செல்லாமல் கட்டியாகவே எடுத்துச் செல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஆடிக்கொண்டே போகும் பேருந்தில் கரைசல் பாட்டில் கவிழ்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் உடையும் உடலும் பாதிக்கப்படும்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருந்தால் அதில் கரைத்த பெர்ரிக் குளோரைடு பழுப்புக் கசடாகக் கலங்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அரை லிட்டர் தண்ணீருக்கு 250 கிராம் கட்டி என்பது வீட்டு வேலைக்குப் பொருத்தமான செறிவு. கணக்குப்படி அது 29 கிராம் செம்பைக் கரைக்க வல்லது; ஆனால் மேலே சொன்ன அளவுள்ள போர்டுகளில் நான்கு முடிந்ததுமே வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு போர்டு என்றால் 55 கிராம் கட்டியும் 110 மில்லி தண்ணீரும் போதும்.

கலப்பதற்குச் சமையலறையைப் பயன்படுத்தாதீர்கள். காற்றோட்டமுள்ள வராந்தாவோ மாடியோ ஏற்றது. எவர்சில்வர், அலுமினியம், பித்தளை ஆகிய எந்தப் பாத்திரமும் ஆகாது. பெர்ரிக் குளோரைடு இவை அனைத்தையும் அரிக்கும், அலுமினியத்தோடு சேர்ந்தால் கொதித்து வாயுவையும் வெளியேற்றும். தடித்த பிளாஸ்டிக் ஜாடியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அந்த ஜாடியைக் குளிர்ந்த நீர் நிரம்பிய அகன்ற தொட்டிக்குள் நிறுத்தி, கட்டியைச் சிறு சிறு துண்டுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றும் வழக்கம் தவறு. அடியில் சூடு சேர்ந்து தெறிக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் கலக்கினால் தேயிலைச் சாயம் போன்ற அடர் பழுப்பு நிறத்தில் கரைசல் தெளியும். நைட்ரைல் கையுறையும், பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடியும் இந்த வேலை முழுவதும் அணிந்திருக்க வேண்டும். கையில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். தரையில் சிந்திய துளி சிமெண்டில் நிரந்தர மஞ்சள் கறையாகிவிடும் என்பதால் பழைய செய்தித்தாளைப் பல அடுக்காக விரித்துக்கொள்ளலாம்.

அரிப்புக்கு உகந்த வெப்பம் 40 முதல் 50 டிகிரி. சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்து மாடியில் வைத்த கரைசலுக்குத் தனியாகச் சூடு தேவைப்படாது. மார்கழியில் ஏற்காட்டில் செய்பவர், கரைசல் இருக்கும் தட்டை வெந்நீர் ஊற்றிய பெரிய தொட்டியில் மிதக்க விட வேண்டும். இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் முடியும் வேலை ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அவ்வளவு நேரம் ஊறும்போது மார்க்கர் மை ஓரங்களில் உரியத் தொடங்கும். கரைசலை அடுப்பில் நேரடியாக வைத்துச் சூடாக்குவது எந்நிலையிலும் கூடாது.

போர்டைச் செம்புப் பக்கம் கீழே இருக்குமாறு மிதக்க விடுவது சிறந்தது, ஏனெனில் அரிப்பில் உண்டாகும் கசடு செம்பின் மேல் படியாமல் தானாகக் கீழே இறங்கும். அடியில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடம் மட்டும் அரிபடாமல் வட்டமாக நின்றுவிடும். ஆகவே ஒரு ஓரத்தை முதலில் இறக்கி, மெல்லச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். போட்ட ஒரு நிமிடத்தில் எடுத்துப் பார்த்தால் பளபளப்பான செம்பு மங்கிய இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். மாறாத திட்டுகள் இருந்தால் அங்கே விரல் எண்ணெய் படிந்திருக்கிறது என்று பொருள். கழுவி, அந்தத் திட்டுகளை மட்டும் தேய்த்துவிட்டு மீண்டும் போடலாம். பிறகு போர்டின் ஓரங்களிலும் தடங்களை ஒட்டிய இடங்களிலும் செம்பு முதலில் விலகி, நடுவில் தீவுகள் போல எஞ்சும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எஞ்சிய செம்பு நிழலாகத் தெரியும். கடைசித் தீவு மறைந்தவுடன் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மெல்லிய தடங்களைப் பக்கவாட்டிலிருந்து கரைசல் குடையும். முதல் கழுவலைக் குழாயடியில் செய்யாமல் ஒரு சிறு வாளித் தண்ணீரில் செய்து, அந்தத் தண்ணீரைக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.

ஆழமாகவும் நுணுக்கமாகவும் பொறிப்பவர்களுக்கு ஒரு மேம்பாடு உண்டு. பதிப்புக் கலைஞர் பிரீட்ஹார்ட் கீக்கபென் 1990-களில் எடின்பரோவில் உருவாக்கிய முறையில், 40 விழுக்காட்டுப் பெர்ரிக் குளோரைடுக் கரைசல் நான்கு பங்குக்கு, சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு பங்கு சேர்க்கப்படுகிறது. அந்தச் சிட்ரிக் கரைசலே மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு தூள் கரைத்தது. கோடுகளில் தேங்கும் கசடைச் சிட்ரிக் அமிலம் கரைத்துவிடுவதால் அரிப்பு வேகமாகவும் சுத்தமாகவும் நடக்கும். கழிவைக் கையாள்வது மட்டும் சற்று மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

எலுமிச்சை உப்பும் பெராக்சைடும்

ஒரே ஒரு சிறிய போர்டு செய்ய வேண்டும், பெர்ரிக் குளோரைடு கைக்குக் கிட்டவில்லை என்றால், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கொண்டே வேலையை முடிக்கலாம். செவ்வாய்ப்பேட்டை மொத்த மளிகைக் கடைகளில் கிலோ கணக்கில் கேட்டாலும் கிடைக்கும் பொருள் அது. ஹைட்ரஜன் பெராக்சைடை மருந்துக் கடையில் வாங்கலாம். நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுவது பொதுவாக 6 விழுக்காட்டுக் கரைசல். பாட்டிலில் 20 வால்யூம் என்றும் குறித்திருப்பார்கள். பல நாடுகளில் 3 விழுக்காடே வழக்கம் என்பதால், இணையத்தில் காணும் அளவுகளை அப்படியே பின்பற்றினால் இங்கே செறிவு இரட்டிப்பாகிவிடும்.

மேலே சொன்ன அளவுள்ள ஒரு போர்டுக்கு 50 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் 30 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, அதில் 50 மில்லி பெராக்சைடு ஊற்றி, கடைசியாக 5 கிராம் சாதாரண உப்பைச் சேர்க்க வேண்டும். உப்பிலுள்ள குளோரைடு இல்லாமல் அரிப்பு நகராது. சில நிமிடங்களில் செம்பின் மேல் சிறு குமிழிகள் எழுந்து, கரைசல் நீலப்பச்சையாக மாறும். கையில் கறை படியாது, அரிபடுவதை வெளிப்படையாகப் பார்க்கலாம் என்பவை இதன் சிறப்புகள். ஆனால் இது சேமித்து வைக்க முடியாத கரைசல். செம்பு சேரச் சேரப் பெராக்சைடு தானாகச் சிதைந்து ஆக்சிஜனை விடும். மூடிய பாட்டிலில் ஊற்றி வைத்தால் அழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். தேவைப்படும்போது கலந்து, திறந்த தட்டிலேயே பயன்படுத்தி, அன்றே முடித்துவிடுங்கள். அதிகச் செறிவுள்ள தொழிற்சாலைப் பெராக்சைடைத் தேடிப் போக வேண்டாம். பழைய பாட்டிலில் பெராக்சைடு வலுவிழந்திருக்கலாம் என்பதால் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சோடியம் பெர்சல்பேட் கிடைத்தால் அதுவும் நல்லதே: 100 மில்லி தண்ணீருக்கு 20 கிராம், 40 முதல் 50 டிகிரி வெப்பம். அதன் தூள் மூச்சில் போனால் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் முகக்கவசம் வேண்டும். கரைசலை இறுக மூடி வைக்கக் கூடாது. அம்மோனியம் பெர்சல்பேட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், ஏனெனில் அம்மோனியா செம்பைப் பிடித்துக்கொண்டு கழிவிலிருந்து பிரிய விடாது.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்காக வாங்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வீட்டிலேயே இருக்கிறதே, அதைக் கொண்டு செம்பை அரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மயில்துத்தமும் உப்பும் சேர்ந்த கரைசல் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும், செம்பை அரிக்காது. ஆனால் வெறும் மயில்துத்தக் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி, சில வோல்ட் அளவுள்ள நேர்மின்சாரம் கொடுத்தால், நேர்முனையில் இணைத்த தகடு அரிபட்டு, அதே செம்பு எதிர்முனைத் தகட்டில் படியும். கரைசல் தீர்வதில்லை, ஆண்டுக்கணக்கில் அதையே பயன்படுத்தலாம். ஓவியம் பொறிப்பவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது இதைத்தான். மின்சுற்றுப் போர்டுக்கு இது பொருந்தாது, ஏனெனில் நடுவில் தனித்து நிற்கும் செம்புத் தீவுகளுக்கு மின்சாரம் போய்ச் சேராது. இந்தத் தொட்டியில் உப்பு சேர்க்கவே கூடாது. சேர்த்தால் குளோரின் வெளிவரக்கூடும்.

கழிவு

தீர்ந்த பெர்ரிக் குளோரைடை ஐந்து மடங்கு தண்ணீரில் நீர்த்து, பெரிய பிளாஸ்டிக் வாளியில் வைத்துக்கொள்ளுங்கள். சலவைச் சோடாவை ஒரு கரண்டி போட்டு, நுரை அடங்கியதும் அடுத்த கரண்டி என்று பொறுமையாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் நுரை வாளியைத் தாண்டி வழியும். 250 கிராம் கட்டி கரைத்த கழிவுக்கு நீரற்ற சோடாத் தூள் சுமார் 150 கிராம் வேண்டும். படிகமாக உள்ளது என்றால் 400 கிராம் வரை ஆகும். துணி துவைக்கும் சோப்புத் தூள் இதற்கு உதவாது. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் 8-க்கும் 9-க்கும் இடையே காட்டும்போது இரும்பும் செம்பும் பழுப்புப் பச்சைச் சேறாகப் பிரிந்து அடியில் தங்கும். ஓரிரவு விட்டால் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் நீலச் சாயல் சிறிதளவேனும் இருந்தால் செம்பு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

சிட்ரிக் அமிலம் சேர்ந்த கழிவுக்கு இந்த முறை பலிக்காது. சிட்ரேட் செம்பைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதால் எவ்வளவு சோடா போட்டாலும் நீர் நீலமாகவே இருக்கும். அதற்கு இரும்பு வேண்டும். பெராக்சைடு கலந்த கழிவு என்றால் முதலில் குமிழிகள் நிற்கும்வரை சில நாள் திறந்தே வைத்துவிட்டு, லேத் பட்டறையில் கேட்டு வாங்கிய இரும்புச் சுருள்களைச் சோப்பு நீரில் எண்ணெய் போகக் கழுவிப் போட வேண்டும். இரும்பு கரைந்து, செம்பு சிவந்த தூளாக அடியில் உதிரும். சிறிது ஹைட்ரஜன் எழும் என்பதால் மூடாமல், நெருப்பு இல்லாத இடத்தில் வையுங்கள். மறுநாள் மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்பு ஆணியை அந்த நீரில் கால் மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் இரும்பு போட வேண்டும். ஆணி வெண்மையாகவே வந்தால் செம்பு பிரிந்துவிட்டது, பிறகு சோடாவால் புளிப்பை மாற்றலாம்.

தெளிந்த நீரைப் பல மடங்கு தண்ணீரோடு கழிவறையில் ஊற்றலாம். மலை வீடுகளில் செப்டிக் டேங்கிலும் காப்பிச் செடிக்கு அடியிலும் ஊற்றாமல், அகன்ற தட்டில் வெயிலில் ஆவியாக விடுவது மேல். மலையில் கீழே இருக்கும் வீட்டுக்காரர்கள் சுனை நீரையே நம்பியிருக்கக்கூடும். எஞ்சிய சேற்றைத் துணியில் வடிகட்டி, உலர்த்தி, பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, செம்புக் கழிவு, நஞ்சு என்று பெரிய எழுத்தில் ஒட்டி, தேதியையும் எழுதுங்கள். டப்பா நிரம்பியதும், கழிவு அகற்ற முறையான ஏற்பாடு வைத்திருக்கும் மின்முலாம் பூசும் பட்டறையிலோ கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலோ கேட்டு ஒப்படைக்கலாம், அல்லது குப்பை சேகரிக்க வருபவரிடம் அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுக்கலாம். ஈரமான சேற்றைச் சிமெண்டோடு பிசைந்து கட்டியாக்கிக் கொடுத்தால் வழியில் சிந்தாது. ஒரு பங்கு சேற்றுக்கு இரண்டு பங்கு சிமெண்ட் சேர்த்து, கையுறையோடு பிசைந்து, டப்பாவிலேயே இறுக விடுங்கள்.